ஆண் எலியின் பாலுறவும் மூளையின் கடிவாளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"மூளையின் தடுப்பு ஏற்பியை முடக்கியதும் ஆண் எலியின் பாலுறவு வேகம் கூடியது." இப்படி ஒரு வரியைப் பாடப்புத்தகத்திலோ அறிவியல் செய்தியிலோ படித்தவர்களுக்கு அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். தடுப்பு என்றால் எதைத் தடுப்பது? அதை எடுத்துவிட்டால் எலி ஓயாமல் புணர்ந்துகொண்டே இருக்குமா? மனிதருக்கும் இது பொருந்துமா? வழக்கமாக வரும் கேள்விகளைக் கீழே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளமாக இருக்கும், சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

தடுப்பு ஏற்பி என்றால் என்ன?

ஒரு நரம்பணு தன் பக்கத்து நரம்பணுவிடம் வேதிப்பொருள் மூலமாகத்தான் பேசுகிறது. அந்த வேதிப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதம்தான் ஏற்பி. பிடித்ததும் அணு சுறுசுறுப்படைந்தால் அது தூண்டும் ஏற்பி, அடங்கினால் தடுப்பு ஏற்பி.

மூளையில் இந்த அடக்கும் வேலையைப் பெருமளவு செய்வது காபா. காமா அமினோ பியூட்டிரிக் அமிலம் என்பதன் சுருக்கம் அது. மூளையில் அது இருப்பது 1950இல் தெரியவந்தது. மூளையின் முதன்மையான தூண்டும் பொருள் குளூட்டமேட். அந்தக் குளூட்டமேட்டிலிருந்து ஒரு கார்பாக்சில் தொகுதியை நீக்கித்தான் நரம்பணு காபாவைத் தயாரிக்கிறது. தூண்டுவதும் தடுப்பதும் ஒரே மூலப்பொருளிலிருந்து, ஒரே ஒரு வேதி அடி தள்ளி வருகின்றன. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

காபா-ஏ, காபா-பி என்று இரண்டு பேர் வருகிறதே, என்ன வேறுபாடு?

காபா-ஏ ஒரு வாசல். ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளையை உண்டாக்குகின்றன. காபா வந்து ஒட்டியதும் துளை திறந்து குளோரைடு அயனிகள் உள்ளே பாயும். அணுவின் உட்புறம் மேலும் எதிர்மின் பக்கம் சாய்வதால் அது சமிக்ஞை எழுப்புவது கடினமாகிவிடும். எல்லாம் ஆயிரத்தில் சில பங்கு வினாடிக்குள் முடிந்துவிடுகிறது.

காபா-பியில் துளை கிடையாது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் நார்மன் பவரியும் அவருடைய குழுவினரும் இதைத் தனியாக அடையாளம் கண்டார்கள். இது ஜி-புரதம் என்ற, அணுவுக்குள் செய்தி கடத்தும் புரதம் வழியாக வேலை செய்கிறது. பொட்டாசியம் வாய்க்கால்களைத் திறந்துவிடும், கால்சியம் வாய்க்கால்களை இறுக்கும். அதனால் அணு மெதுவாக அடங்கி, நீண்ட நேரம் அடங்கியே இருக்கும். நரம்பு முனையில் இருக்கும் காபா-பி, அங்கிருந்து வெளியேறும் வேதிப்பொருளின் அளவையும் குறைத்துவிடுகிறது.

ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க நான்கு மருந்துகளின் பெயர் தெரிந்திருந்தால் போதும். மஸ்சிமால் காபா-ஏவைத் தூண்டும். இது சிவப்புத் தொப்பியில் வெள்ளைப் புள்ளிகள் கொண்ட ஒரு நச்சுக் காளானில் இருக்கும் பொருள். பைகுகுலின் காபா-ஏவை முடக்கும். இது தாவரத்திலிருந்து கிடைத்த ஆல்கலாய்டு, காபாவை இது எதிர்க்கிறது என்பது 1970இல் கண்டறியப்பட்டது. பிக்ரோடாக்சின் காபா-ஏயின் துளையையே அடைத்துவிடும். பேக்லோஃபென் காபா-பியைத் தூண்டும். தசை இறுக்கத்துக்கு மருத்துவர்கள் கொடுக்கும் அதே பேக்லோஃபென்தான்.

எலியின் பாலுறவு நடத்தையை எப்படி அளக்கிறார்கள்?

இதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போனால் மற்ற பதில்கள் எதுவும் பிடிபடாது. அதனால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

எலி இரவு விலங்கு. அதன் இரவு நேரத்தில், மங்கிய சிவப்பு விளக்கின் கீழ், முதலில் ஆண் எலியை மட்டும் ஒரு கண்ணாடிப் பெட்டியில் விட்டுச் சில நிமிடம் பழக விடுவார்கள். பிறகு பெண் எலியை உள்ளே விடுவார்கள். எஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன்களைக் கொடுத்து, புணர்ச்சிக்குத் தயாராக இருக்கும்படி அதை முன்பே ஆயத்தம் செய்திருப்பார்கள். அது துள்ளித் துள்ளி ஓடும், சட்டென்று நிற்கும், காதுகள் படபடவென்று அதிரும். ஆண் பின்னாலேயே ஓடி, மோந்து பார்த்து, பின்புறமாக ஏறும். பெண் முதுகை வளைத்து வாலை ஒதுக்கும்.

இதற்குப் பிறகு நடப்பதை மூன்றாகப் பிரித்து எண்ணுகிறார்கள். ஆண் ஏறி இடுப்பை அசைத்துவிட்டு நுழைக்காமலே இறங்கினால் அது 'ஏறுதல்'. நுழைத்தால் 'நுழைப்பு'. ஒரு நுழைப்பு கால் வினாடிதான் நீடிக்கும். அது முடிந்ததும் ஆண் பின்பக்கமாகத் துள்ளி விழுந்து, குனிந்து தன் உறுப்பை நக்கிச் சுத்தம் செய்யும். பழகிய கண்ணுக்கு அந்தத் துள்ளல்தான் அடையாளம். இப்படி அரை நிமிடம், ஒரு நிமிடம் இடைவெளி விட்டு எட்டு முதல் பதினைந்து நுழைப்புகள் வரை போகும். கடைசியாக ஒரு நுழைப்பில் ஆண் துள்ளாது. பெண்ணை இறுகப் பற்றி ஓரிரு வினாடி அப்படியே நின்று, முன்கால்களை மெல்ல விரித்து விடும். அதுதான் விந்து வெளியேற்றம்.

அப்புறம் ஆண் எலி ஒதுங்கிப் படுத்துவிடும். ஐந்து முதல் பத்து நிமிடம் பெண்ணைத் திரும்பிப் பார்க்காது. இதற்கு ஓய்வு இடைவேளை என்று பெயர். அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஆக, 'பாலுறவு கூடியது', 'குறைந்தது' என்று மொத்தமாகச் சொல்வதில் பொருள் இல்லை. தொடங்க எவ்வளவு நேரம், எத்தனை நுழைப்பு, விந்து வெளியேற எவ்வளவு நேரம், ஓய்வு எவ்வளவு நேரம் என்று தனித்தனி எண்கள் இருக்கின்றன. ஒரு மருந்து இவற்றில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைத் தொடாமலே விடலாம்.

மூளையில் எந்த இடத்தில் இது நடக்கிறது?

பல இடங்கள் சேர்ந்து செய்யும் வேலை இது. ஆனாலும் நடுநாயகம் மீடியல் பிரிஆப்டிக் பகுதி. இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸின் முன்முனையில் இருக்கிறது. 1960களில் லென்னார்ட் ஹெய்மரும் க்நூட் லார்சனும் ஆண் எலிகளில் இந்தப் பகுதியைச் சிதைத்துப் பார்த்தார்கள். புணர்ச்சி நின்றுபோனது. 1971இல் சார்லஸ் மால்ஸ்பரி அதே பகுதியை மின்சாரத்தால் தூண்டியபோது புணர்ச்சி விரைவாயிற்று.

பெண்ணின் வாசனை மூக்கிலிருந்து கிளம்பி, அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் நடுப்பகுதி, அதற்கு அடுத்த ஸ்ட்ரியா டெர்மினாலிஸ் படுகைக் கரு (மூளையில் கரு என்றால் நரம்பணுக்களின் திரள்) ஆகிய நிலையங்களைத் தாண்டி பிரிஆப்டிக் பகுதிக்கு வந்து சேர்கிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ரத்தம் வழியாக நேரே வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் என்பதால்தான் இதற்கு இவ்வளவு முக்கியத்துவம்.

அங்கே காபா-ஏவை முடக்கினால் என்ன நடந்தது?

1980களின் நடுவில் அலொன்சோ ஃபெர்னாண்டஸ்-குவாஸ்தி, க்நூட் லார்சன், கார்லோஸ் பெயர் ஆகியோர் செய்த சோதனைகளை இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எலியின் மண்டையோட்டில் ஊசிமுனை போன்ற குழாய்களைப் பொருத்தி, அவற்றின் நுனி பிரிஆப்டிக் பகுதியில் நிற்கும்படி வைத்து, மூளையின் இரு பக்கமும் நானோகிராம் அளவில் பைகுகுலினைச் செலுத்தினார்கள். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

ஆண் எலிகள் விரைவாக விந்து வெளியேற்றின. அதைவிட எடுப்பாகத் தெரிந்த மாற்றம், ஓய்வு இடைவேளை நன்றாகச் சுருங்கிப்போனது. ஒதுங்கிப் படுத்திருக்க வேண்டிய எலி சீக்கிரமே எழுந்து வந்துவிட்டது. காபா தயாரிப்பையே தடுக்கும் மருந்தைச் செலுத்தினாலும் போக்கு அதே பக்கம்தான். மாறாக மஸ்சிமால் கொடுத்துக் காபா-ஏவைத் தூண்டினால் புணர்ச்சி தளர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, வெளியிலிருந்து புதிதாக எந்த ஆசையும் ஊட்டப்படவில்லை. இருந்த கடிவாளத்தைத் தளர்த்தினார்கள், அவ்வளவுதான். அப்படியென்றால் சாதாரண எலியின் பிரிஆப்டிக் பகுதியில் காபா எப்போதும் இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. இந்த முடிவின் மதிப்பு அங்கேதான்.

ஏன் நேரடியாக மூளைக்குள் செலுத்த வேண்டும்? ஊசியாகப் போட்டால் ஆகாதா?

பைகுகுலின் உடல் முழுக்கப் பரவினால் வலிப்பு வரும். மூளை முழுவதற்கும் காபா தேவை. ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் அதை எடுத்துவிட்டால் எலி புணராது, துடிக்கும். மஸ்சிமாலுக்கும் இதே சிக்கல் மறுபக்கத்திலிருந்து வரும். மூளை முழுக்கத் தடுப்பைக் கூட்டினால் எலி தூங்கி வழியும். இரண்டிலும் பாலுறவைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. அதனால்தான் நூலிழை போன்ற குழாய், நானோகிராம் அளவு எல்லாம். அதோடு பக்கத்து இடத்தில் செலுத்தியும் பார்க்க வேண்டும். அங்கே மாற்றம் இல்லை என்று காட்டினால்தான் 'இந்த இடம்' என்று அடித்துச் சொல்ல முடியும்.

அப்படியானால் காபா பாலுறவுக்கு எதிரியா?

இல்லை. மிகவும் பரவலான தவறான புரிதல் இதுதான்.

பிரிஆப்டிக் பகுதியில் ஏராளமான நரம்பணுக்கள் தாங்களே காபா சுரப்பவை. சுண்டெலிகளில் அண்மையில் நடந்த ஆய்வுகளில், அங்குள்ள எஸ்ட்ரோஜன் ஏற்பி கொண்ட காபா அணுக்களை ஒளியால் தூண்டியதும் ஆண் ஏறத் தொடங்கியது. அதாவது தடுக்கும் அணுக்களைத் தூண்டினால் பாலுறவு தொடங்குகிறது. முரண்பாடு போலத் தெரியும். அந்த அணுக்கள் எதைத் தடுக்கின்றன என்று பார்த்தால் புதிர் அவிழ்ந்துவிடும். அவை வேறொரு தடுப்பு அணுவை அடக்கினால், அதன் கீழே அமுங்கிக் கிடந்த அணு விடுபட்டுவிடும். கடிவாளத்தைப் பிடித்திருக்கும் கையையே இன்னொரு கை பிடித்துக்கொள்வது போல. மூளை இந்த உத்தியைப் பல இடங்களில் பயன்படுத்துகிறது. நாட்டத்தைத் தூண்டும் வேதிப்பொருளான டோபமைனைச் சுரக்கும் அணுக்களுக்கு அருகிலும் காபா அணுக்கள் காவல் நிற்கின்றன. அந்தக் காவல் தளர்ந்தால் டோபமைன் கூடும்.

எனவே காபா கூடியதா குறைந்ததா என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த இடத்தில், எந்த அணுவின் மேல், எந்த நொடியில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். இந்தத் துறையில் நடக்கும் குழப்பத்தில் பாதி, இந்த மூன்றையும் கேட்காததால் வருவது.

காபா-பியின் பங்கு என்ன?

பேக்லோஃபென் கொடுத்தால் ஆண் எலியின் பாலுறவு குறைகிறது. ஆன்டர்ஸ் ஆக்மோ, ரவுல் பரேடெஸ் இருவரும் 1980களிலிருந்து இந்த ஏற்பிகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். உடல் முழுக்கப் போகும் மருந்தில் காபா-பியின் தடுப்பு தெளிவாகவே தெரிகிறது.

அது முழுக்க மூளையில்தான் நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதுகுத்தண்டிலும் காபா-பி நிறைய இருக்கிறது. எலியின் முதுகுத்தண்டு உறைக்குள் பேக்லோஃபெனைச் செலுத்தினால் ஆண்குறியின் அனிச்சை அசைவுகள் அடங்குகின்றன. மூளை 'சரி, போ' என்றாலும் கீழே தசைக்குப் போகும் கம்பி மந்தமாகிவிடுகிறது.

மருந்து கொடுத்த எலி புணராவிட்டால், ஆசை இல்லை என்றா, முடியவில்லை என்றா?

இதைத்தான் ஒவ்வொரு ஆய்வாளரும் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். கால் தள்ளாடும் எலி ஏறாது. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் எலி துரத்தாது. அதனால் நல்ல ஆய்வுகளில் உடல் அசைவுக்குத் தனிச் சோதனை இருக்கும்: ஓடும் பட்டையில் நிலைத்து நடக்கிறதா, திறந்த வெளியில் எவ்வளவு தூரம் உலாவுகிறது என்று பார்ப்பார்கள். நடை சரியாக இருந்து புணர்ச்சி மட்டும் குறைந்தால்தான் பாலுறவைப் பற்றிப் பேச முடியும்.

ஆசை வேறு, செயல் வேறு என்பதற்கு ஓர் அழகான சான்று உண்டு. பாரி எவரிட் 1987இல் ஆண் எலிகளுக்கு நெம்புகோலை அழுத்தப் பழக்கினார். அழுத்திக்கொண்டே இருந்தால் பெண் எலி வரும். பிரிஆப்டிக் பகுதியைச் சிதைத்த பிறகும் அந்த எலிகள் நெம்புகோலை அழுத்தின. பெண் வந்ததும் புணர மட்டும் அவற்றால் முடியவில்லை. இதை வைத்து அந்தப் பகுதி செயலுக்கு மட்டுமே என்று ஒரு தரப்பு சொன்னது. ஆசைக்கும் அதில் பங்கு உண்டு என்று பரேடெஸ் போன்றோர் வேறு சோதனைகளைக் காட்டி வாதிட்டார்கள். என் கணிப்பில் இரண்டையும் கத்தி வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் ஒரு கட்டுரை எதை அளந்தது என்பதைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

விந்து வெளியேறியதும் எலி ஏன் ஓய்ந்துவிடுகிறது?

ஓய்வு இடைவேளையின் பெரும்பகுதியில் ஆண் எலி ஒரு நீண்ட ஒலி எழுப்புகிறது. ஏறத்தாழ 22 கிலோஹெர்ட்ஸ். நம் காது 20 வரைதான் எட்டும் என்பதால் கருவி இல்லாமல் கேட்காது. 1972இல்தான் இது ஆய்விதழில் வந்தது. எலி கண்ணை அரைகுறையாக மூடிப் படுத்திருக்க, வயிறு மெதுவாக ஏறி இறங்க, ஒவ்வொரு மூச்சு வெளியேறும்போதும் அந்த ஒலி வருகிறது. ஒலி நின்றபின் கொஞ்ச நேரத்தில் எலி மறுபடி பெண்ணைத் தேடும். ஒலி வரும் கட்டத்தில் என்ன தூண்டினாலும் அசையாது, அதன் பிறகு வரும் சிறு கட்டத்தில் தூண்டினால் எழும்.

வேதியியலில் என்ன நடக்கிறது? 1980களில் மூளைத் தண்டுவடத் திரவத்தை எடுத்து அளந்தபோது, விந்து வெளியேறிய பிறகு காபா பல மடங்கு உயர்ந்திருந்தது. பைகுகுலின் ஓய்வைச் சுருக்கியதோடு இது அப்படியே பொருந்திப்போகிறது.

மறுபக்கத்தில் குளூட்டமேட். 2006இல் எலெய்ன் ஹல் குழுவினர், ஆண் எலி புணர்ந்துகொண்டிருக்கும்போதே அதன் பிரிஆப்டிக் பகுதியிலிருந்து நுண்ணிய சவ்வுக் குழாய் வழியாகத் திரவம் எடுத்து அளந்தார்கள். விந்து வெளியேறும் நேரத்தில் குளூட்டமேட் சாதாரண அளவின் ஏறத்தாழ 300 சதவீதத்தைத் தொட்டது. உடனே சரிந்தது. அந்தச் சரிவுக்கும் ஓய்வின் நீளத்துக்கும் தொடர்பு இருந்தது. தூண்டுவது உச்சிக்குப் போய்ச் சரிய, தடுப்பது ஏறுகிறது. முன்பு சொன்ன 'ஒரே மூலப்பொருள்' இங்கே நினைவுக்கு வரும். அதற்காக, வெளியேறிய குளூட்டமேட்டே காபாவாக மாறியது என்று சொல்லிவிடக் கூடாது. அதை இந்த ஆய்வுகள் காட்டவில்லை.

திரும்பத் திரும்பப் புணர விட்டால்?

ஒவ்வொரு முறையும் ஓய்வு நீளும். விருப்பம் போல விட்டால் சராசரியாக ஏழு முறை விந்து வெளியேற்றிய பிறகு ஆண் எலி நிறுத்திவிடும். மறுநாள் அதே எலிகளைச் சோதித்தால் பெரும்பாலானவை ஏறவே ஏறாது. பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்ப இரண்டு வாரம் வரை ஆகிறது.

உடல் சோர்வு என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஓபியாய்டுகளின் (மூளை தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்களின்) ஏற்பியை முடக்கும் நாலொக்ஸோன் என்ற மருந்தைக் கொடுத்தால் அதே எலி மறுநாளே எழுந்து புணர்கிறது. செரோடோனின் என்ற மற்றொரு மூளை வேதிப்பொருளின் ஏற்பிகளில் வேலை செய்யும் சில மருந்துகளுக்கும் அந்த விளைவு உண்டு. தசை களைத்திருந்தால் மூளை மருந்தால் எழுப்பியிருக்க முடியாது. ஆக அந்தக் களைப்பு மூளை போட்ட தடை. வெறும் சோர்வு என்று நாம் ஒதுக்கிவிடுகிற நிலையைக்கூட மூளை முனைந்து உண்டாக்குகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சோதனைகள் குறைவு.

காபா மட்டுமா தடுக்கிறது?

இல்லை. விந்து வெளியேறும்போது ஹைப்போதலாமஸின் பக்கவாட்டில் செரோடோனின் உயர்கிறது, அது மூளையின் இன்ப மையங்களில் ஒன்றான அக்யூம்பன்ஸ் கருவில் டோபமைனைக் குறைக்கிறது. செரோடோனினிலும் எந்த ஏற்பி என்பது முக்கியம். 1பி ஏற்பி விந்து வெளியேற்றத்தைத் தாமதப்படுத்தும், 1ஏ ஏற்பியைத் தூண்டும் மருந்தோ எலியை மிகச் சில நுழைப்புகளிலேயே விந்து வெளியேற்ற வைக்கும். ஓபியாய்டுகளுக்கு இரண்டு முகம். தடுக்கவும் செய்கின்றன, புணர்ச்சி தரும் இன்பத்திலும் பங்கு வகிக்கின்றன.

டெஸ்டோஸ்டிரோன் இருந்தால் தடுப்பு தானாகக் குறையுமா?

டெஸ்டோஸ்டிரோன் அடித்தளம் போடுகிறது. விதை நீக்கிய ஆண் எலியில் முதலில் விந்து வெளியேற்றம் போகும், பிறகு நுழைப்பு, கடைசியாக ஏறுதல். இதற்கு வாரக்கணக்கில் ஆகும், ஹார்மோனைத் திரும்பக் கொடுத்தாலும் ஒரே நாளில் சரியாகாது. பிரிஆப்டிக் பகுதியில் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பங்கு எஸ்ட்ரடையோலாக (எஸ்ட்ரோஜனின் ஒரு வகையாக) மாறித்தான் வேலை செய்கிறது. பெண்ணை மோந்ததும் அங்கே டோபமைன் உயர்வதற்கும் டெஸ்டோஸ்டிரோன் தேவை. காபா நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது, ஹார்மோன் நாள்கணக்கில் மாறுவது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடக் கூடாது.

விறைப்புக்கும் இந்த ஏற்பிகளுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஹைப்போதலாமஸில் பாராவென்ட்ரிகுலார் கரு என்ற இடத்திலிருந்து, ஆக்சிடோசின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் அணுக்களின் இழைகள் முதுகுத்தண்டுக்கு இறங்குகின்றன. அந்தக் கருவில் மஸ்சிமாலைச் செலுத்தினால், அபோமார்ஃபின் போன்ற, டோபமைன் ஏற்பியைத் தூண்டும் மருந்துகள் உண்டாக்கும் விறைப்பு குறைகிறது. இங்கே வேலை செய்வதும் காபா-ஏதான்.

பெண் எலியிலும் இப்படித்தானா?

காபா ஒரே திசையில் போகவில்லை. பெண் எலியின் பிரிஆப்டிக் பகுதியில் காபாவைக் கூட்டினால் முதுகை வளைத்து இடம் கொடுக்கும் நடத்தை குறைகிறது, சற்றுப் பின்னால் நடு ஹைப்போதலாமஸில் கூட்டினால் அதே நடத்தை கூடுகிறது.

மனிதருக்கு இதைப் பொருத்தலாமா? காபா மாத்திரை சாப்பிடலாமா, விடலாமா?

ஏற்பிகள் ஒன்றேதான். மனித மூளையிலும் காபா-ஏ, காபா-பி இரண்டும் உண்டு, பிரிஆப்டிக் பகுதியும் உண்டு. உடலுக்குள் பொருத்திய பம்பு வழியாக முதுகுத்தண்டு உறைக்குள் பேக்லோஃபென் பெறும் ஆண்கள் சிலருக்கு விறைப்பும் விந்து வெளியேற்றமும் பாதிக்கப்படுவதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எலியில் முதுகுத்தண்டு வழியாகப் பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது.

அதற்கு மேல் நீட்டக் கூடாது. மனிதரின் பாலுறவு கால் வினாடி நுழைப்புகளால் ஆனதல்ல. உறவு, கூச்சம், நினைவு, கவலை எல்லாம் அதற்குள் கலந்திருக்கின்றன. கடையில் விற்கும் காபா மாத்திரையைப் பொறுத்தவரை, காபா ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. பேக்லோஃபெனோ வலிப்பு மருந்தோ எடுப்பவர்கள் பாலுறவுச் சிக்கல் வந்தால் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். தானாக நிறுத்தாதீர்கள். பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரை போகும்.

இதற்காக எலிகளைத் துன்புறுத்துவது சரியா?

கேட்க வேண்டிய கேள்வி. மண்டையில் குழாய் பொருத்துவது சிறிய விஷயம் அல்ல. மயக்கம் கொடுத்து, வலி நிவாரணி கொடுத்து, காயம் ஆறக் காலம் விட்டுத்தான் செய்ய வேண்டும். நெறிக்குழுவின் அனுமதி வேண்டும், தேவைக்கு மேல் ஒரு விலங்கைக்கூடப் பயன்படுத்தக் கூடாது. சோதனையைச் சரியாகத் திட்டமிடாமல் செய்து முடிவு எதற்கும் உதவாமல் போனால், அந்த எலிகளுக்குச் செய்த அநியாயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

தடையை எடுத்துவிட்டால் எலி வேகமாகப் புணர்கிறது. அப்படியானால் தடை எதற்கு? அது இல்லாமலிருந்தால் எலிக்கு நல்லதுதானே?

இதற்குப் பதில் பெண் எலியின் உடலில் இருக்கிறது. நார்மன் ஆட்லர் 1969இல் செய்த சோதனைகளில், விந்து வெளியேற்றத்துக்கு முன்னால் போதுமான நுழைப்புகள் கிடைக்காத பெண் எலிகளில் கருத்தரிப்பது குறைந்தது. அந்த நுழைப்புகள்தான் பெண்ணின் உடலில் கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன் மாற்றத்தைத் தொடங்கிவைக்கின்றன. விந்தணுக்கள் மேலே போகவும் உதவுகின்றன. ஆண் அவசரப்பட்டு ஓரிரண்டு நுழைப்பிலேயே முடித்துவிட்டால் இழப்பு அதற்குத்தான்.

ஓய்வுக்கும் அப்படி ஒரு காரணம் இருக்கிறது. விந்து வெளியேறியதும் அது பெண் எலியின் உடலில் ஓர் அடைப்பாக இறுகி, கருப்பையின் வாயை ஒட்டி நிற்கும். விந்தணுக்கள் உள்ளே போய்ச் சேரச் சில நிமிடங்கள் வேண்டும். அதற்குள் ஆண் மறுபடி நுழைத்தால் அந்த அடைப்பு பெயர்ந்துவிடுகிறது, உள்ளே போகும் விந்தணுக்கள் குறைந்துவிடுகின்றன. 1970இல் ஆட்லரும் ஸ்டீவன் ஜோலோத்தும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். பிரிஆப்டிக் பகுதியில் காபா-ஏ பிடித்து வைத்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள், ஆண் எலி ஒரு மூலையில் படுத்து 22 கிலோஹெர்ட்ஸில் ஒலி எழுப்பிக்கொண்டிருக்கும் அதே நிமிடங்கள், விந்தணுக்கள் கருப்பைக்குள் போய்ச் சேரும் நேரமும்கூட.